நிச்சயத்தன்று நான் சொன்ன பின்னம்

எங்கள் வீட்டில் நான் படிப்பதை யாரும் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்து தெரியாது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தால், பிள்ளை படிக்கிறதா கனவு காண்கிறதா என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அம்மா ஒரே ஒரு விதி வைத்திருந்தாள். படிக்கிற சத்தம் அடுப்பு வரைக்கும் வர வேண்டும். கிர்க்கியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அடுப்புக்கும் எனக்கும் நடுவே ஒரு தகரப் பெட்டிதான் இருந்தது. இருந்தாலும் உரக்கவே படித்தேன். சரித்திரம், பூகோளம் மட்டுமல்ல, கணக்கையும் உரக்கப் படித்தவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.

ஆரணிப் பக்கத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அப்பா ராணுவக் கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் வேலை, அம்மா கன்டோன்மென்ட் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கும் வேலை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். பக்கத்தில் இருந்தது மராத்திப் பள்ளி. ஆகவே மராத்தியில் படித்தேன்.

எட்டாம் வகுப்பில், தொண்ணூறுகளின் நடுவில், பின்னங்களைத் தசமமாக மாற்றும் பாடம் வந்தது. மேலே இருக்கும் எண்ணைக் கீழே இருக்கும் எண்ணால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். சில பின்னங்கள் மீதியில்லாமல் முடிந்துவிடும். எட்டில் ஒன்று என்றால் பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து, அதோடு சரி. இப்படி முடிகிற தசமத்துக்கு மராத்திப் புத்தகத்தில் ‘கண்டித்’ என்று பெயர். மூன்றில் ஒன்று அப்படி இல்லை. மூன்று, மூன்று, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். அதற்கு ‘அகண்ட ஆவர்த்தி’ என்று பெயர், அறுபடாமல் திரும்பத் திரும்ப வருவது. பின்னத்தைச் சுருக்கிய பிறகு கீழ் எண்ணை உடைத்துப் பார்த்தால் வகுக்காமலே சொல்லிவிடலாம். இரண்டும் ஐந்தும் மட்டும் கிடைத்தால் கண்டித். வேறு பகா எண் ஒன்று ஒளிந்திருந்தாலும் அகண்ட. இந்த விதி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், சுவரில் ஒட்டியிருந்த காலண்டரில் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் பின்னமாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மராத்தியில் பின்னத்தின் நடுக்கோட்டைச் ‘சேத்’ என்று படிப்பார்கள்; ‘ஏக் சேத் ஆட்’ என்றால் எட்டில் ஒன்று.

“ஏக் சேத் ஆட், கண்டித். ஏக் சேத் தீன், அகண்ட ஆவர்த்தி. ஏக் சேத் பாஞ்ச், கண்டித்.”

அம்மா கரண்டியோடு திரும்பினாள். “இன்னாடி அது, வெளக்கு வெக்கிற நேரத்துல கண்டம் கண்டம்னு?”

அம்மாவுக்குக் கண்டம் என்றால் ஜோசியக்காரர் சொல்கிற கண்டம்தான். தண்ணீரில் கண்டம், நெருப்பில் கண்டம்.

“கண்டம் இல்லம்மா. கண்டித்.”

படுத்திருந்த அப்பா எழுந்து உட்கார்ந்தார். “கண்டிச்சாங்களா? யாரு, டீச்சரா?”

“யாரும் கண்டிக்கலப்பா. இது கணக்கு.”

“கணக்குல தப்பு வந்தாத்தான கண்டிப்பாங்க? நீ தப்பு போட மாட்டியே.”

“அவ எட்டுல ஒரு கண்டம் அஞ்சுல ஒரு கண்டம்னு அடுக்கினு கீறா, நீ வேற,” என்றாள் அம்மா. “த பாரு, மத்ததெல்லாம் சத்தமா படி. அந்த வார்த்தைய மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்க.”

“மனசுக்குள்ள சொன்னா நான் படிக்கிறது ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “கண்டம் வர்ற எடத்துல பொட்டிமேல ஒரு தட்டு தட்டு. நான் புரிஞ்சிக்கிறேன்.”

அந்த வருடம் முழுவதும், முடிகிற பின்னம் வந்தால் தகரப் பெட்டியில் ஒரு தட்டு தட்டினேன். முடியாத பின்னத்தை முழுப்பெயரோடு உரக்கச் சொன்னேன். ஆண்டுத் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. அப்பா அதைக் கிடங்கில் யாரிடமெல்லாம் சொன்னாரோ, அடுத்த வாரம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அந்தக் கணக்குதான் என்னைப் பட்டம் வாங்க வைத்தது, பி.எட். படிக்க வைத்தது, சிஞ்ச்வட்டில் ஒரு மராத்தி உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை ஆக்கியது. இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. கிர்க்கியிலிருந்து லோக்கல் ரயிலில், இஸ்திரி போட்ட புடவையோடு, பையில் விடைத்தாள்களோடு போகும்போது பெட்டியில் இருக்கிற எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பின்னால் எனக்கு நிச்சயமானவர் அந்தப் பள்ளியில்தான் அறிவியல் ஆசிரியராக இருந்தார்.

மராத்தியில் நாங்கள் ஒருவரை ஒருவர் ‘தூ’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம், நீ என்று. தமிழில் எழுத உட்கார்ந்தால் கை தானாக ‘அவர்’ என்று எழுதுகிறது. தமிழ் எழுத்தை வளர்ந்த பிறகுதான் கற்றேன், கேம்ப் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய். மராத்தியில் எழுதியிருந்தால் இன்னும் வேகமாக எழுதியிருப்பேன். ஆனால் மராத்தியில் எழுதினால் அவர் படித்துவிடக்கூடும்.

நாங்கள் முதன்முதலில் பேசியதும் இந்தப் பாடத்தை வைத்துத்தான். ஆசிரியர் அறையில் நான் எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குகள் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

“இந்த அகண்ட சமாச்சாரமெல்லாம் உங்க கணக்குலதான். எங்க அறிவியல்ல எல்லாமே கண்டித். மூணு புள்ளிக்கு மேல அளக்க எங்ககிட்ட கருவி கிடையாது.”

“அது உங்க கருவியோட குறை. எண்ணோட குறை இல்லை,” என்றேன்.

அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து எனக்கு ‘அகண்ட மேடம்’ என்று பெயர் வைத்துவிட்டார். நான் பேச ஆரம்பித்தால் முடிக்க மாட்டேனாம். ‘அகண்ட மேடம் டீ குடிப்பாங்களா, இல்லை இன்னும் வகுத்துட்டிருக்காங்களா?’ என்று கேட்பார். யாராவது என்னைக் கேலி செய்தால் உடனே முகம் இறுகிவிடுகிற எனக்கு, அந்தப் பெயரைக் கேட்டால் மட்டும் இறுகவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

அவர்கள் வீடு சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில். அவருடைய அம்மா, அப்பா, அக்கா. அக்காவுக்குத் திருமணமாகி, அது சரிவராமல், வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். சிவாஜி நகரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தார். எங்கள் கல்யாணத்துக்கு அவர் அம்மா முதலில் சம்மதிக்கவில்லை, பிறகு சம்மதித்தார். சம்மதித்த பிறகு உறவினர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, “மதராசிதான், ஆனா மராத்தி நம்மளை விட சுத்தமாப் பேசுவா” என்பார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். என் மராத்தி புத்தகத்தில் படித்த மராத்தி. அதில் பிழை இருக்காது.

நிச்சயதார்த்தம் மே மாதத்தில், பள்ளி விடுமுறையில். தீபாவளிக்குப் பிறகு வரும் துளசிக் கல்யாணம் முடிந்து முகூர்த்தங்கள் திறந்ததும் திருமணம் என்று பேசிக்கொண்டார்கள்.

மராத்தி வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண் தன் கணவன் பெயரை வெறுமனே சொல்ல மாட்டாள். ஒரே ஓசையில் முடிகிற இரண்டு வரிப் பாட்டுக்குள் பொதித்துச் சொல்வாள். அதற்கு உகாணா என்று பெயர். நிச்சயத்தன்றே பெண்கள் சூழ்ந்துகொண்டு, ‘உகாணா சொல்லு, பேரைச் சொல்லு’ என்று கேட்டுவிடுவார்கள். கடைகளில் உகாணாப் புத்தகங்கள் கிடைக்கும், வெள்ளித் தட்டு, தங்கக் கிண்ணம் என்று ஆயிரம் பேர் சொல்லித் தேய்ந்த வரிகளோடு. அதில் ஒன்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்க எனக்கு மனமில்லை. நானே ஒன்று கட்டினேன்.

“ஏக் சேத் சார் கண்டித், ஏக் சேத் தீன் அகண்ட;
— ராவாஞ்ச்யா சோபதீலா நகோ கதீச் கண்ட.”

கோடு போட்ட இடத்தில் அவர் பெயர். நான்கில் ஒன்று முடிந்துவிடும், மூன்றில் ஒன்று முடிவதில்லை, இவரோடு சேர்ந்த என் துணைக்கு ஒருநாளும் இடைவெளி வேண்டாம். இவ்வளவுதான் பொருள். அகண்ட, கண்ட என்று வரிகளின் முடிவும் ஒத்து அமைந்தது. நிச்சயத்துக்கு முந்தைய வாரம், சிஞ்ச்வட் ஸ்டேஷன் வாசலில் டீ குடிக்கும்போது அவரிடம் சொல்லிக் காட்டினேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சாக்பீஸ் வாசனை அடிக்குது.”

“அப்ப வேண்டாமா?”

“இதையே சொல்லு. உன்னைத் தவிர வேற யாரும் இதைக் கட்ட முடியாது.”

சொசைட்டி ஹாலில்தான் விழா. எங்கள் பக்கத்தில் கிர்க்கியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். அவர்கள் பக்கத்தில் அதற்கு மூன்று மடங்கு. மோதிரம் மாற்றினோம். வெயிலுக்குக் கோகம் பழச் சர்பத் கொடுத்தார்கள். அவருடைய அக்காதான் தட்டை ஏந்திக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பெண்கள் ஆரம்பித்தார்கள். உகாணா, உகாணா.

நான் எழுந்து நின்று, வகுப்பில் சொல்கிற குரலில், தெளிவாகச் சொன்னேன்.

கைதட்டல் வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. முன்வரிசையில் இருந்த அவருடைய ஆத்யா, அதாவது அவர் அப்பாவின் அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெதுவாகக் கேட்கவில்லை.

“என்ன சொன்னா? கண்டித்தா?”

“கணக்கு டீச்சர் இல்லையா. ஏதோ கணக்கு,” என்றார் அந்த அம்மாள்.

“எங்க வீட்டுல கணபதி சிலை கை உடைஞ்சா அதுக்குப் பேரு கண்டித். ஆத்துல கொண்டு போய் விடுவோம். சுப காரியத்துல எடுத்த உடனே வர்ற வார்த்தையா இது?”

எனக்கு உண்மையாகவே அது தெரியாது. உடைந்த சிலையைக் கண்டித் மூர்த்தி என்பார்கள் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எங்கள் வீட்டில் கணபதி வைப்பது களிமண்ணில், அது உடைந்தால் அம்மா ‘மூளியாப் போச்சு’ என்பாள். மராத்தியை வீட்டில் பேசி வளர்ந்த ஒருத்தி அந்த ஹாலில் அந்தச் சொல்லை எடுத்திருக்க மாட்டாள். புத்தகத்திலிருந்து எடுத்தவள் நான்.

விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். விளக்குவதுதானே என் தொழில். “ஆத்யா, கணக்குல கண்டித்னா உடைஞ்சதுன்னு அர்த்தம் இல்லை. மீதி எதுவும் இல்லாம முடியறதுன்னு அர்த்தம்.”

ஆத்யா தலையை ஆட்டினார். “ஒண்ணும் மிச்சமில்லாம முடிஞ்சு போறதா. இது அதை விட நல்லாயிருக்கு.”

சிலர் சிரித்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். மணமேடையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வாக்கியம் போதும். ‘ஆத்யா, எட்டாம் வகுப்புப் பாடம் அது, நானும் படிச்சிருக்கேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் ஹாலே சிரித்திருக்கும். ஆசிரியர் அறையில் அப்படி நூறு வாக்கியம் சொன்னவர்தான். புது மோதிரத்தை விரலில் மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். விரலுக்கு அது சற்றுப் பெரியது. அவர் அம்மா, “பேடா எடுத்துக்குங்க, எல்லாரும் எடுத்துக்குங்க” என்று தட்டை நீட்டினார். பேச்சு வேறு பக்கம் போனது.

திரும்பி வரும்போது வேனில் இடம் போதவில்லை. அம்மாவும் நானும் லோக்கல் ரயிலில் வந்தோம். பிம்ப்ரி தாண்டும் வரைக்கும், அம்மா அந்தச் சொல்லுக்காகத்தான் திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

“ஏண்டி, அத்தினி பேர் முன்னால அவுரு பேரைச் சொன்னியே,” என்றாள் கடைசியில். “எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு.”

“அது அவங்க வழக்கம்மா. சொல்லித்தான் ஆவணும்.”

“ஒங்கப்பா பேரை நான் ரேசன் ஆபீசுல கூட சொன்னதில்ல. கியூவுல பின்னால நிக்கிறவளச் சொல்லச் சொல்வேன்.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஆனா நீ சொன்னது காதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டு மாரி.”

ஆத்யா சொன்னது அம்மாவுக்குப் புரிந்திருக்கவில்லை. அவள் மராத்தி கடைத்தெரு மராத்தி. நானும் மொழிபெயர்க்கவில்லை.

மழைக்காலம் போனது. கணபதி போனது, தசரா போனது, தீபாவளி போனது. துளசிக் கல்யாணமும் முடிந்தது. அவர் வீட்டிலிருந்து நாள் குறிக்க யாரும் வரவில்லை. நான் கேட்டபோது ஸ்டேஷன் வாசலில் நின்று அவர் சொன்னார்:

“அக்காவுக்கு அன்னிக்கு ரொம்ப வலிச்சுடுச்சாம். அவ வாழ்க்கைதான் கண்டித் ஆயிடுச்சுன்னு சபையில சொன்ன மாதிரி இருந்துதாம். உள்ள போயி அழுதாளாம். ஆயிக்கு அதைத் தாங்க முடியலை. தோடம் தாம்ப்.”

ஆயி என்பது அவர் அம்மா. தோடம் தாம்ப் என்றால் கொஞ்சம் பொறு. அவர் அதைச் சொல்லும்போது என் முழங்கையைத் தொடுவார்.

நான் பொறுத்தேன். அக்கா தட்டோடு ஹாலிலிருந்து உள்ளே போனது எனக்கும் ஞாபகம் இருந்தது. நான் உகாணா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் போனார். ஒரு பெண்ணின் காயத்தில் என் சொல் பட்டிருந்தால், காத்திருப்பது நியாயம் என்று பட்டது. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். வேண்டாம், இப்போது வேண்டாம், பேசினால் இன்னும் கிளறியதாகும் என்றார். சங்கராந்திக்குப் பிறகு பார்ப்போம். சங்கராந்திக்கு எள்ளுருண்டை கொடுத்துவிட்டுச் சொன்னது, ஆத்யாவுக்குக் கண் ஆபரேஷன், அது முடியட்டும். தோடம் தாம்ப். அதற்குப் பிறகு, அவர் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட் வேலைகள். தோடம் தாம்ப்.

இதற்கிடையே கிர்க்கியில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவிடம் கிடங்கில் தினமும் ஒருவர் கேட்பாராம். அப்பா, “அவுங்க பெரிய குடும்பம், நாள் பார்த்துனு கீறாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து கேட்பவர்களிடமும் அவர் அதையே சொன்னால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, லோக்கலில் பெண்கள் பெட்டியில் அவருடைய அக்காவைப் பார்த்தேன். பள்ளி வேலையாகச் சிவாஜி நகர் போய்க்கொண்டிருந்தேன். அவர் சிஞ்ச்வட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை மடியில் எடுத்து வைத்து இடம் கொடுத்தார்.

“என்ன மேடம், எங்க வீட்டுப் பக்கமே காணோம்? கோபமா?”

இதற்காக நான் எத்தனையோ முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது எளிமையாகத்தான் வந்தது. “அன்னிக்கு நான் சொன்ன வார்த்தை உங்களுக்கு வலிச்சிருந்தா என்னை மன்னிச்சுக்குங்க. எனக்கு அந்த அர்த்தம் தெரியாது.”

“எந்த வார்த்தை?”

“கண்டித்.”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்து சிரித்தார். “அதுவா? நீ சொன்னப்ப நான் ஹால்லயே இல்லையே. சர்பத் தீர்ந்துபோச்சு, கரைக்க உள்ள போயிட்டேன். உங்க ஆளுங்க நல்லாக் குடிச்சாங்க, சும்மா சொல்லக்கூடாது. திரும்பி வந்து பார்த்தா எல்லாரும் வாயில பேடாவோட கம்முனு உட்கார்ந்திருந்தாங்க.”

“நீங்க அழுதீங்கன்னு ஆயி சொன்னாங்களாம்.”

சிரிப்பு நின்றது. “யார் சொன்னா, தம்பியா?”

நான் தலையாட்டினேன்.

“அன்னிக்குச் சாயங்காலம் அவன்தான் எனக்கு அந்த உகாணாவைச் சொல்லிக் காட்டினான். எனக்குப் பிடிச்சிருந்துது. எழுதிக் கொடுடான்னு கூடக் கேட்டேன். ஆத்யா மூஞ்சி எப்படி இருந்துதுன்னு அவன் செஞ்சு காட்டினான், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் அழுது ரொம்ப வருஷம் ஆச்சும்மா. என் பேர்ல இதை ஏன் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியலை.”

அவருக்குத் தெரிந்திருந்தது. கையை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததிலேயே எனக்குப் புரிந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் ஸ்டேஷன் வாசலில் அவரிடம் கேட்டேன். அக்காவைப் பார்த்ததைச் சொன்னேன். மறுக்கவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பு முனையால் தரையைத் தேய்த்தார்.

“உண்மையான காரணத்தைச் சொன்னா உனக்கு இன்னும் வலிக்கும்னுதான்.”

“சொல்லு.”

“அன்னிக்கு நாற்காலி காலியா இருந்தும் உங்கப்பா உட்காரலை. செருப்பு விட்ட இடத்துலயே நின்னுட்டிருந்தார். ஆத்யா ஆயிகிட்டக் கேட்டாங்க, இவர் சாமான் தூக்க வந்த ஆளா, கூலி கொடுத்தாச்சான்னு. ஆயிக்கு எல்லார் முன்னாலயும் பதில் சொல்ல முடியலை. அதுலேர்ந்து அவங்களுக்கு மனசே இல்லை.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்ன சொல்றது? பெரியவங்க.”

“அவர் என் மாமனார்னு சொல்லலாமே.”

அவருக்கு மணமேடையில் இருந்த அதே முகம். பிறகு என் முழங்கையைத் தொட்டுச் சொன்னார்: “ஆயி மனசு மாறும். தோடம் தாம்ப்.”

வகுத்தல் கணக்கில் பிள்ளைகளுக்கு நான் ஒன்று சொல்லிக்கொடுப்பேன். ஏழால் ஒன்றை வகுத்துக்கொண்டே போனால் மீதியாக மூன்று வரும், இரண்டு வரும், ஆறு, நான்கு, ஐந்து என்று மாறி மாறி வரும். ஏதோ புதிதாக நடந்துகொண்டிருப்பது போலவே இருக்கும். பிறகு ஒன்று வரும். எதில் ஆரம்பித்தோமோ அதே ஒன்று. அந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். இனி வரப்போகிற எல்லா இலக்கங்களும் ஏற்கெனவே வந்துவிட்டவைதான். எவ்வளவு நீளமாக வகுத்தாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. ஆனாலும் வகுப்பில் சில பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள். பக்கத்தின் ஓரம் வரைக்கும் போட்டுக்கொண்டே போவார்கள், கடைசியில் எங்கோ ஒரு இடத்தில் பூஜ்யம் வந்துவிடும் என்கிற நம்பிக்கையில்.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில்கூட, அவர் வாயைத் திறந்து வேறு ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என்ன வார்த்தையாக இருந்தாலும், நான் வீட்டுக்குப் போய்க் காத்திருந்திருப்பேன்.

“ஸம்பல,” என்றேன். முடிந்தது என்பதற்கு மராத்தியில் எல்லாரும் சொல்கிற சாதாரணச் சொல். பாடப்புத்தகத்தில் வராது.

“கோபத்துல பேசாதே.”

“கோபம் இல்லை.” கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரயில் வந்தது. அவர் எழுந்து என்னோடு பிளாட்பாரம் வரைக்கும் வந்தார், எப்போதும்போல. பெட்டியில் ஏறிய பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. காசர்வாடி வரைக்கும் கழுத்து வலித்தது.

வீட்டில் சொன்னேன். அப்பா நின்றிருந்ததைப் பற்றி அவர்கள் பேசியதைச் சொல்லவில்லை. மனம் ஒத்துவரவில்லை என்று மட்டும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கேட்டார்: “நீ சொன்னியா, அவுங்க சொன்னாங்களா?”

“நான்தாம்பா சொன்னேன்.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

மோதிரமும் புடவையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளியில் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர்கள் வைத்துப் பேசியதைப் பெரியவர்தான் போய் முடிக்க வேண்டும் என்றார். எப்படித் தடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தடுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், நிச்சயத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புடவையைப் புதுத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, சிஞ்ச்வட்டுக்குத் தனியாகப் போனார்.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். விடைத்தாள் கட்டு ஒன்று மடியில் இருந்தது, ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டார். சட்டை முதுகில் வேர்வை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“யாருப்பா இருந்தாங்க?”

“அந்தம்மாவும் அய்யாவும் இருந்தாங்க. அவுரு இல்ல. குடுத்தேன், வாங்கிக்கினாங்க.”

“ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லல. ஒக்காருங்கன்னாங்க. நாற்காலி போட்டாங்க. ஒக்காந்தேன்.” சொம்பைக் கீழே வைத்தார். “அந்தப் பெரிய பொண்ணு டீ கொண்டாந்து குடுத்துச்சு.”

“குடிச்சியா?”

“குடிச்சேன்.”

“எதுக்குப்பா குடிச்ச?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கேட்ட கேள்வி அவருக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“கையில குடுத்துட்டாங்கம்மா,” என்றார். “எப்பிடி வோணாம்னு சொல்றது.”

பிறகு சட்டையைக் கழற்றி, மடிப்பு கலையாமல் கொடியில் போட்டார். நான் எழுந்து உள்ளே போய், தகரப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதேன். அடுப்பு வரைக்கும் கேட்காதபடி அழுதேன்.